ஸ்லாவா பார்த்த இரண்டாவது ஆட்டம்

பெரிய போருக்கு முந்தைய கடைசி இலையுதிர்காலம். ப்ரூத் ஆற்றங்கரை மைதானத்தில், இறந்துபோன பயிற்சியாளர் ஜெனோவியின் நினைவாக ஒரு கால்பந்து ஆட்டம் வைத்தார்கள். முதல் பந்தை உதைக்க அவன் மனைவி ஸ்லாவாவைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முப்பது வருடமாக அவள் அந்தப் பக்கமே போனதில்லை. கல்யாணமான புதிதில் ஒரு கோப்பை ஆட்டம் பார்க்கப் போனாள். நடுக்களத்தில் ஆடிய ஜெனோவி அன்று பெனால்டியைக் கம்பத்துக்கு வெளியே அடித்தான். “இனிமே நீ வராத, உன் ராசி எங்களுக்கு ஒத்துக்கல” என்று சிரித்துக்கொண்டே சொன்னான். சிரிப்பு போயிற்று, சொல் நின்றது. ஆடி ஓய்ந்து அதே அணிக்குப் பயிற்சியாளர் ஆன பிறகும் நின்றது.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சமையலறையில் வரெனிகிக் கொழுக்கட்டைக்கு மாவு பிசைவாள். மைதானத்து இரைச்சல் ஜன்னல் வழியே வரும். கோல் யாருடையது என்று அதிலேயே தெரிந்துவிடும். தோற்ற நாளில் அவன் காலணிச் சேற்றைக்கூடத் தட்டாமல் உள்ளே வருவான். அவள் பின்னாலேயே தரையைத் துடைப்பாள்.

போன வருடம், உடம்பு முடியாமல் பொறுப்பை விட்ட பிறகு, அவனே கூப்பிட்டான். “வாயேன். சும்மா பக்கத்துல உக்காரு.” அன்று தோற்றால் அணி கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். “ஊர் சாபத்த வாங்கிக்க என்னால ஆகாது. நீ போய்ட்டு வா” என்றாள். தனியாகப் போனான். பனி விழுமுன் இறந்தும் போனான்.

இப்போது பந்தை உதைத்தாள். அது பூனைபோல நாலடி நடந்து நின்றது. ஜெனோவியிடம் ஆடக் கற்று இப்போது பயிற்சியாளராக இருக்கும் நஸார், தொப்பை குலுங்க ஓடிவந்தான். “அத்தை, எங்க பசங்கள விட உங்க உதை தேவல.”

இடைவேளைக்குள் இரண்டு கோல் வாங்கியாயிற்று. ஸ்லாவா கைப்பையோடு எழுந்தாள்.

“எங்க கிளம்பிட்டீங்க?”

“வீட்டுக்குப்பா. நான் போனா சரியாயிடும்.”

“எது, இவனுங்க ஆட்டமா? நேத்து கல்யாண வீட்ல விடிய விடியக் குடிச்சிருக்கானுங்க. இதுல உங்க ராசி வேறயா? உக்காருங்க அத்தை.”

உட்கார்ந்தாள். மூன்றாவதும் விழுந்தது. விசில் ஊதியதும் பையை இறுகப் பிடித்துக்கொண்டு யாராவது வந்து திட்டுவார்கள் என்று காத்திருந்தாள். தோற்றவர்கள் ஜெயித்தவர்களோடு கைகுலுக்கினார்கள். ஒருவன் கோல்காவலனின் காதைத் திருகி, “உனக்கு இருக்கறது கையா, சல்லடையா?” என்றான். அவன் பாட்டில் தண்ணீரை இவன் தலையில் கவிழ்த்தான். பிறகு எல்லோரும் தினைக்கஞ்சி கொதிக்கும் கொப்பரைப் பக்கம் போனார்கள்.

“இவ்வளவுதானா?”

“இவ்வளவுதான். வாங்க அத்தை, ஆறிடும்.”

போன வருடம் அவள் போகாமலேயும் தோற்கத்தான் செய்தார்கள். ஜெனோவி தனியாக உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்தான்.

“நீ போ. நான் வரேன்” என்றாள். நஸார் போய் வெகுநேரமாகியும் அவள் எழவில்லை.