உட்காருகிற உயரம்

காரைக்காலில் மாதா கோயிலுக்குப் போகிற தெருவில் அருளானந்தம் சவப்பெட்டி செய்கிறார். செத்தவர் வீட்டிலிருந்து ஆள் வந்தால் பேச்சை வளர்க்க மாட்டார். பாதத்திலிருந்து தலை வரை எவ்வளவு, தோள் அகலம் எவ்வளவு, அவ்வளவுதான் கேள்வி. இப்போது பாதிப் பேர் வாட்ஸப்பிலேயே அனுப்பிவிடுகிறார்கள். அளவு வராவிட்டாலும் மோசமில்லை. கூடத்தில் கிடத்தியிருப்பவரை வாசலில் நின்று ஒரு பார்வை பார்த்தால் போதும், பெட்டி கனகச்சிதமாக அமைந்துவிடும். அந்தக் கண்ணைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

ஒரு விஷயத்தில் மட்டும் மனுஷன் அடம்பிடிப்பார். உயிரோடு இருக்கிறவர் மேல் டேப் படக் கூடாது. அவர் அப்பா காலத்துக் கட்டுப்பாடு அது. அதே ஊரில் கோவில்பத்தில் இருக்கும் அவர் வீட்டுக்குள் டேப் வந்ததே இல்லை. மனைவி அற்புதம் தையல் கடைக்குப் போனாலும் பழைய ரவிக்கையைத்தான் அளவுக்குக் கொடுப்பாள். பெட்டிகளின் உள்பக்கம் வெள்ளைத் துணி தைத்துப் பொருத்துவது அவள் வேலை. புருஷனின் சட்டத்தைக் கேலி செய்வாளே தவிர, மீறியதில்லை.

அந்த அற்புதத்தைத்தான், இனி மருந்து வேண்டாம், வீட்டில் வைத்து ஆசைப்பட்டதைச் செய்துகொடுங்கள் என்று புதுச்சேரி டாக்டர் அனுப்பிவிட்டார். அவள் ஆசைப்பட்டது கொல்லையில் நிற்கும் சப்போட்டா மரத்தைச் சுற்றி ஒரு பெஞ்சு.

"வெயிலு எந்தப் பக்கம் வந்தாலும் நான் நகந்து நகந்து உக்காந்துக்குவேன்" என்றாள்.

கடையில் அடுக்கியிருந்த பலகையில் ஒன்றைக்கூட அருளானந்தம் தொடவில்லை. மரவாடிக்குப் போய் வேங்கை வாங்கி வந்தார். ஆணியும் புதுசு. கடை ரம்பத்தை விட்டுவிட்டுத் தெருக்கோடித் தச்சர் தெட்சிணாமூர்த்தியிடம் இரவல் வாங்கினார். மரமும் உயிரோடு இருப்பதுதானே என்று அதற்குக்கூடக் கயிறு போட்டுத்தான் சுற்றளவு பார்த்தார். பைத்தியக்காரத்தனம்தான். அந்த நிலைமையில் யாருக்குத்தான் புத்தி நேராக ஓடும்?

மரம் பருக்க நாலு விரல் இடம் விட்டு, உயரத்தைக் கண் மதிப்பிலேயே வைத்து, ஆறு பக்கமாகப் பலகைகளைச் சேர்த்து, மேலே நன்றாக இழைத்து முடித்தார். பிறகு அற்புதத்தைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து உட்காரவைத்தார்.

அவள் பாதங்கள் தரையைத் தொடவில்லை. ஒரு சாண் மேலே தொங்கின.

"என்னங்க, பெஞ்சு கேட்டா ஊஞ்சல் கட்டி வெச்சிருக்கீங்க?" என்று காலை ஆட்டிக் காட்டினாள். சிரிப்பு நிற்பதற்குள் முகம் சுளித்தது. வீங்கிய கால்களுக்குத் தொங்குவது பொறுக்கவில்லை.

அருளானந்தத்துக்கு வெட்கமாகப் போய்விட்டது. படுத்தவர்களையே பார்த்துப் பழகிய கண் அது. உட்கார்ந்த மனுஷிக்கு எவ்வளவு உயரம் வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

"காலுக்குக் கீழ செங்கல் வெச்சுத் தர்றேன் அற்புதம்."

"நான் நகர நகர செங்கலும் கூடவே நகருமா? போய் டேப்பை எடுத்துட்டு வாங்க."

"அது மட்டும் வேணாம்."

"டேப்பு வெச்சதாலயா எனக்கு இது வந்துச்சு? போங்க, கால் வலிக்குது."

கடைக்குப் போய் டேப்பை எடுத்தார். திரும்பி வந்து அவள் முன்னால் மண்டியிட்டு, பாதத்திலிருந்து முழங்கால் வரை அளந்தார். பதினாறு அங்குலம். பெஞ்சின் கால்களை எவ்வளவு அறுக்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. டேப்பைச் சுருட்டப் போனார். அற்புதம் குனிந்து அவர் கையைப் பிடித்தாள்.

"அப்படியே முழுசா எடுத்துடுங்க."

நிமிர்ந்து பார்த்தார். அவள் கேலி பேசவில்லை.

"அன்னைக்கு உங்க கண்ணுல தண்ணி நிக்கும். கண் மதிப்பு சரியா வராது. வேற யாரும் என்னை அளக்கவும் வேணாங்க."

அருளானந்தம் அவள் மடியில் முகத்தை வைத்து வாய்விட்டு அழுதார். டாக்டர் சொன்ன அன்றுகூட அழாதவர். அவள் அவசரப்படுத்தவில்லை. அவர் ஓய்ந்ததும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கி நின்றாள். குதிகாலுக்குக் கீழே டேப்பின் நுனியை அவளே மிதித்துக்கொண்டாள். அவர் உச்சந்தலை வரை இழுத்தார்.

"எவ்வளவு?"

"நாலடி பதினோரு அங்குலம்."

"அவ்வளவுதானா? நான் அஞ்சடிக்கு மேலன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்."

முடிந்தது என்று டேப்பைக் கீழே போட்டார்.

"தோள் அகலம் எடுக்கலியே நீங்க" என்றாள் அற்புதம்.

அருளானந்தம் இரண்டு கைகளாலும் அவள் தோள்களைச் சேர்த்துப் பிடித்தார். இது எனக்கு டேப் இல்லாமலே தெரியும் என்று சொல்லத்தான் வாயெடுத்தார். கைக்குள் அகப்பட்டது அவருக்குத் தெரிந்த தோளாக இல்லை. அவளைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, குனிந்து டேப்பை எடுத்தார்.