தானாக மாறும் சேனல்

மாலைச் செய்திக்குச் சற்று முன் டிவியின் டீகோடர் பெட்டி தானாகச் சேனலை மாற்றும். பந்தாட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே என் மனைவி முசோண்டா பார்த்து வந்த தொடர் வந்துவிடும்.

முசோண்டா மழைக்காலத் தொடக்கத்தில் இறந்தாள். துக்க வீட்டில் டிவி போடக் கூடாது. உறவினர்கள் எங்கள் ஊரான கிட்வேயை விட்டுக் கிளம்பிய பிறகுதான் போட்டேன். அன்றிலிருந்து இப்படி.

அவள்தான் ஏதோ செட் செய்து வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். டீகோடரின் நினைவூட்டல் பக்கத்தைத் திறந்தேன். காலி. ரிமோட்டிலிருந்து பேட்டரியைக் கழற்றி வைத்தேன். அப்போதும் மாறியது. பயமில்லை. புரியவில்லை. நின்றுவிடக் கூடாது என்றும் இருந்தது. இந்த வீட்டில் அவள் இன்னும் செய்துகொண்டிருப்பது அது ஒன்றுதான்.

சனிக்கிழமை அவள் தம்பி கபாசோ வந்தான். அவன் கண்ணெதிரிலேயே மாறியது.

“மொத்தமா அழிச்சிட்டுப் புதுசா செட் பண்ணணும் மச்சான்.”

“அவ வெச்சதும் போயிடுமா?”

“எல்லாமே போயிடும். அதுக்குத்தானே அழிக்கிறது.”

“அடுத்த வாரம் பாத்துக்கலாமே.”

“இதைத் தள்ளிப் போடத்தான் காலேஜ்ல படிச்சீங்களா?”

ரிமோட்டை அவனிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். அவன் டீகோடரைத் திருப்பினான். பின்னால் ஒரு கேபிள் அதிகமாக இருந்தது. சுவரோரமாக ஏறி உட்கூரையின் ஓட்டைக்குள் போனது.

“இது எங்க போகுது?”

எனக்குத் தெரியவில்லை. அவன் அதைக் கழற்றினான்.

“எவன்டா என் டிவியை அணைச்சது?” என்று சுவருக்கு அந்தப் பக்கம் குரல் கேட்டது.

இரண்டு வீட்டுக்கும் ஒரே கூரை. பக்கத்து வீட்டில் தேம்பாவின் அம்மா; பிள்ளையின் பெயரால்தான் எல்லோரும் அவரை அழைப்போம். அவர் ங்கோனி இனம், நாங்கள் பெம்பா இனம். அவர்களுக்கு நாங்கள் குரங்கு தின்னி, எங்களுக்கு அவர்கள் எலி தின்னி. இரு சாராரும் எங்கே சந்தித்தாலும் கேலி பேசிக்கொள்வோம், சாவு வீட்டில்கூட. அங்கே சிரிக்க வைப்பது அவர்கள் கடமை. முசோண்டாவைக் கிடத்தியிருந்தபோது வாசலில் நின்று இவர் கத்தினார்: “இந்தக் குரங்கு தின்னி என்னை ஏமாத்திட்டுப் போயிட்டா. இனி என் டிவிக்கு யாரு படம் அனுப்புவா?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்திருக்கலாம்.

அவர் வீட்டுக்குப் போனோம். டிவி வெறும் புள்ளிகளாக இரைந்துகொண்டிருந்தது. அதன்மேல் விரல்நுனி அளவில் ஒரு கண் ஒட்டியிருந்தது. ரிமோட்டை அதன்முன் அழுத்தினால் கேபிள் வழியாக என் டீகோடர் கேட்கும் என்றான் கபாசோ.

“உங்ககிட்ட ஏது ரிமோட்?” என்றேன்.

“உன் பொண்டாட்டி கொடுத்தது. நான்தான் சாவு வீட்டுல எல்லார் முன்னாடியும் கேட்டேனே. நீ ஒண்ணும் சொல்லலை. சரின்னு எடுத்துக்கிட்டு நானே மாத்திக்கிறேன்.”

“கேலின்னு நெனச்சேன்.”

“கேலிதான். படமும் வேணும்ல?”

“கேபிளை யார் இழுத்தது?”

“அவதான். மேல ஏறி இழுத்தா. நான் ஏணியப் புடிச்சுக்கிட்டு, விழுந்தா உன் புருஷனை நான் கட்டிக்கிறேன்னு சொன்னேன்.” பிறகு ரிமோட்டை நீட்டினார். “எடுத்துட்டுப் போ. உன் வீட்டு டிவி, நீ பந்து பாரு.”

நான் வாங்கிக்கொள்ளவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கபாசோ, “அழிச்சிடலாமா?” என்றான். “அழிக்க ஒண்ணும் இல்ல,” என்றேன். கேபிளை நானே திருகி மாட்டினேன்.

மறுநாள் மாலை பந்தாட்டம் ஓடிக்கொண்டே இருந்தது. செய்தி நேரம் நெருங்கியது. மாறவில்லை. எழுந்து சுவரைத் தட்டினேன்.

“எலி தின்னி, தூங்கிட்டீங்களா?”

சேனல் மாறியது. திரையில் தொப்பி போட்ட ஒருவன் யாரோ ஒரு பெண்ணின் காலில் விழுந்து அழுதுகொண்டிருந்தான். எதற்கென்று தெரியவில்லை.

“யாரு அவன்?” என்று சுவரைப் பார்த்துக் கேட்டேன்.

“சும்மா பாரு. முசோண்டாவும் மொதல்ல இப்படித்தான் நச்சரிச்சா.”