ஆற்றுப் பக்கத்துச் சுவர்

மன்னர் குதிரைவீரர்களான கசாக்குகளுக்கு எழுதிக் கொடுத்த புல்வெளியை ஸபோலோத்ஸ்கி பிரபு பிடுங்கிக்கொண்டான். அங்கே குடியிருந்த முப்பது குடும்பங்களையும் தன் கோட்டைக்குள் அடைத்து, கூலியில்லாமல் வேலை வாங்கினான். முறையிடப் போன இருவர் முதுகுத்தோல் உரிந்து திரும்பினார்கள். அன்றுதான் கசாக்குத் தலைவன் யாரெமா குதிரைக்குச் சேணம் பூட்டினான்.

நானூறு பேரோடு கோட்டையைச் சூழ்ந்த ஐந்தாம் நாள் காலை, பிரபுவின் காரியஸ்தன் மத்தேயுஷ் சமாதானம் பேச வந்தான்.

"நீங்க மட்டும் தனியா வந்து மன்னிப்புக் கேட்டா, உங்க நிலத்தைப் பிரபு திருப்பித் தந்துடுவார்."

"மத்தவங்க நிலம்?"

"அது உங்களுக்கு எதுக்கு?"

யாரெமா சிரித்தான். "கூழ் குடிச்சிட்டுப் போங்க. மதியம் நானே வர்றேன். வாசல் திறக்கச் சிரமப்பட வேணாம்னு சொல்லுங்க."

துணைத்தலைவன் ப்ரோகிப் தாடியைச் சொறிந்தான். "நம்மகிட்ட இருக்கறது ஒரே பீரங்கி. அதுவும் சுடறதைவிட இருமறதுதான் அதிகம். எப்படிண்ணே உள்ள போறது?"

"அந்த மரச்சுவர்ல பாதி நான் நட்டதுடா."

பன்னிரண்டு வருடங்களுக்கு முன் பிரபுவின் ஆட்கள் யாரெமாவையும் தச்சு வேலைக்கு இழுத்துப் போயிருந்தார்கள். மூன்று பக்கமும் இரும்பு போன்ற கருவாலி மரம். ஆற்றுப் பக்கம் வரும்போது மரம் தீர்ந்துபோனது. பிரபுவுக்கு அவசரம். கரையோரம் நின்ற, சீக்கிரம் உளுத்துப்போகும் மென்மரங்களை வெட்டி நட்டு, மேலே மண்ணைப் பூசிவிட்டார்கள். பன்னிரண்டு வெள்ளத்தில் அவற்றின் அடி என்னவாகியிருக்கும் என்று யாரெமாவுக்குத் தெரியும்.

மதியம் பீரங்கி வாசலைப் பார்த்து இருமியது. காவலர்கள் அங்கே ஓடினார்கள். யாரெமாவின் ஆட்கள் நாணல் வழியே ஊர்ந்து, சுவரில் கொக்கிகளை மாட்டி, கயிறுகளைக் குதிரைகளில் கட்டினார்கள். முதல் கயிறு அறுந்தது. மேலிருந்து வந்த குண்டு ஒருவன் தோளைக் கிழித்தது. யாரெமா தன் குதிரையையும் பூட்டி, தானும் கயிற்றைப் பிடித்தான்.

"இழுங்கடா. பிரபு சாப்பிட உக்காந்திருப்பார், ஆறிடப் போகுது."

சுவர் முனகிக்கொண்டே சேற்றில் சாய்ந்தது. கசாக்குகள் உள்ளே பாய்ந்ததும் பிரபுவின் கூலிக் காவலர்கள் ஆயுதங்களைக் கீழே போட்டார்கள்.

யாரெமா பிரபுவை முற்றத்துக்கு அழைத்துவந்து மன்னரின் பத்திரத்தைக் கையில் கொடுத்தான்.

"படிங்க. எல்லாருக்கும் கேக்கணும்."

பின்வரிசைக்குக் கேட்கவில்லை என்றதால் பிரபு இரண்டு முறை படித்தான். பிறகு அதன் அடியில், நிலத்தைத் தொட மாட்டேன் என்று எழுதி முத்திரையிட்டான்.

"பெரிய படையோட திரும்பி வருவானே," என்றான் ப்ரோகிப்.

"வருவான். ஆள் சேர்க்கவே இலையுதிர் காலம் ஆயிடும். அதுக்குள்ள நாம அறுவடை முடிச்சிருப்போம். அப்புறம் சண்டை போட நேரம் நிறைய இருக்கும்."

கோட்டைக்குள் அடைபட்டிருந்தவர்களில் ஒருத்தியான விதவை ஹாப்கா அதற்குள் பிரபுவின் கொட்டிலிலிருந்து தன் எருதை ஓட்டிக்கொண்டு, விழுந்த சுவர்மேல் ஏறிப் போய்க்கொண்டிருந்தாள்.