சுகிர்தராணி பந்து வீசுகிறாள்

வெள்ளிக்கிழமை பிற்பகல். பிரியாணி தின்ற தட்டைக்கூடக் கழுவாமல், என் போனைத் தண்ணீர் கேனில் சாய்த்து வைத்துவிட்டு நானும் தேவசுந்தரம் அண்ணனும் தரையில் உட்கார்ந்திருந்தோம். ஜெகின் மேல்கட்டிலில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். தூங்கவில்லை. தூங்குகிறவன் எவனும் அப்படிக் கால் கட்டைவிரலை ஆட்டிக்கொண்டு கிடக்க மாட்டான். போனில் தெரிந்தது துபாய் அல் குசைஸில் ஒரு பள்ளிக்கூட மைதானம். நடுவில் மஞ்சள் டீசர்ட்டும் கறுப்பு டிராக் பேண்ட்டும் போட்டுக்கொண்டு பந்தோடு நின்றவள் சுகிர்தராணி, ஜெகினின் மனைவி. அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இன்றைக்கு அவள் விளையாடக் கூடாது என்று இந்த சவூதி யான்பு கேம்பில் இருந்துகொண்டு இவன் உத்தரவு போட்டிருந்தான். அவள் பாட்டுக்கு விளையாடிக்கொண்டிருந்தாள்.

அவர்கள் ஆடுவது சாஃப்ட்பால். பேஸ்பாலின் தங்கச்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து கொஞ்சம் பெரிசு, கையைத் தோளோடு ஒரு சுற்றுச் சுற்றி இடுப்புக்குக் கீழே இருந்து எறிய வேண்டும். மற்றபடி எல்லாம் அதேதான். சுகிர்தராணி நாகர்கோவிலில் பள்ளிக்கூடத்திலும் காலேஜிலும் ஆடியவள். ஆஸ்பத்திரியில் பிலிப்பைன்ஸ்காரர்கள் ஆணும் பெண்ணுமாக ஒரு டீம் சேர்த்தபோது இவளும் போய்ச் சேர்ந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போனது. போன மாதம் ஒரு ஆட்டத்தில் ஜெயித்த சந்தோஷத்தில் டீமில் ஒருவன் அவள் இரண்டு கையோடும் தன் கையைத் தட்டிக் குதித்தான். அந்த வீடியோ எப்படியோ இவர்கள் ஊர்க் கோயில் வாட்ஸப் குரூப்புக்குப் போய்விட்டது. "இது நம்ம ஜெகினுக்க பொண்டாட்டி இல்லியா?" என்று ஒரு புண்ணியவான் கேட்டிருந்தான். கீழே சிரிக்கிற பொம்மைகள். இவ்வளவுதான் விஷயம். இதற்கு நம்மாளுக்கு மானம் போய்விட்டது. அன்றைக்கு எங்கள் எதிரிலேயே போனில் கத்தினான்: "இனி கிரவுண்டுல கால வச்சா எனக்குப் போன் பண்ணாத."

அவள் என்ன சொன்னாள் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் அதற்குப் பிறகு இருவரும் பேசிக்கொள்ளவில்லை என்பது மட்டும் தெரியும். இன்றைக்கு ஃபைனல். அவளோடு ஒரே பிளாட்டில் இருக்கும் ஷாஜினி, சுகிர்தராணியின் போனிலேயே ஃபேஸ்புக் லைவ் போட்டாள். ஊரில் பார்க்கிறவன் எல்லாம் பார்க்கட்டும் என்றுதான் அவளுடைய ஃபேஸ்புக் பக்கத்திலேயே போட்டிருக்கிறார்கள். அந்தத் துணிச்சல் எனக்குப் பிடித்திருந்தது.

ஜெகின் மேல் எனக்கு ஆத்திரம் வந்த காரணம் வேறு. இந்தக் கேம்பு முழுக்கக் கிரிக்கெட் பைத்தியங்கள். பேஸ்பால் பைத்தியங்கள் நாங்கள் மூன்று பேர்தான். தேவசுந்தரம் அண்ணன் முன்பு ஒரு ஜப்பான்காரரின் கீழே வேலை பார்த்தவர், அவரிடமிருந்து தொற்றிய நோய். அண்ணன் எனக்குக் கொடுத்தார். சிவகங்கைப் பக்கத்தில் கபடி தவிர வேறெதுவும் தெரியாமல் வளர்ந்தவன் நான், இப்போது விடிகாலையில் அமெரிக்காக்காரன் ஆடுகிற ஆட்டத்தைப் போனில் பார்த்துவிட்டுத்தான் பல் விளக்குகிறேன். ஜெகின் இந்த ரூமுக்கு வந்த முதல் நாள் நாங்கள் பார்ப்பதைக் கண்டுவிட்டு என்ன சொன்னான் தெரியுமா? "எனக்க பொண்டாட்டியும் பிட்ச்சர்தாம்ணே, யூனிவர்சிட்டிக்கு எறிஞ்சவ." அதைச் சொல்லித்தான் எங்கள் கூட்டாளி ஆனான். அந்தப் பெருமையில் எத்தனை டீ எங்கள் காசில் குடித்திருப்பான்! இப்போது அதே பொண்டாட்டி பந்தைத் தொட்டால் மானம் போகிறதாம்.

ஆட்டம் ஐந்தாவது இன்னிங்ஸ் முடிந்து இடைவேளையில் நின்றபோது அண்ணன் வழக்கமான பாட்டை ஆரம்பித்தார்.

"லேய் கார்மேகம், இவளுக்க கையப் பாத்தியா? எல்லாம் ஒரே பந்து. ரிவேரா மாதிரி. வாறது என்ன பந்துன்னு அடிக்கியவனுக்குத் தெரியும், ஆனா அடிக்க ஒக்காது."

அண்ணனுக்கு உலகத்தில் ஒரே பிட்ச்சர்தான், மரியானோ ரிவேரா. பனாமாவில் மீன்பிடிக்கிறவரின் மகன், அப்பாவின் படகில் வேலை செய்தவன். குளச்சல்காரரான அண்ணன் அவனைச் சொந்தக்காரன் கணக்கில் சேர்த்து வெகு காலம் ஆகிறது.

"உங்க ஆளு கடைசில வந்து ஒரு இன்னிங்ஸ் போட்டுட்டுப் போறவர்ணே," என்றேன். "கல்யாணத்துக்குப் பாயாசம் ஊத்த மட்டும் வந்தவர் மாதிரி. நோலன் ரயன் அப்படியா? ஒருத்தனையும் அடிக்கவே விடாம முழு ஆட்டத்தையும் முடிச்சது ஏழு தடவை. நாப்பத்தாறு வயசு வரைக்கும் எறிஞ்ச மனுஷன்."

"பாயாசம் நல்லால்லன்னா கல்யாணமே நல்லால்லன்னுதாம்லே சொல்லுவான்!"

நான் மேல்கட்டிலைப் பார்த்துக் குரல் கொடுத்தேன். "ஏப்பா ஜெகினு, நீ சொல்லு. உன் ஆளு யாரு?"

பதில் வராது என்று நினைத்தேன். ஆனால் இந்தப் பேச்சு வந்தால் அவனால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியாது. சுவரைப் பார்த்தபடியே சொன்னான்.

"கோஃபாக்ஸ். எத்தன தடவ சொல்லுதது? வேர்ல்டு சீரிஸ் மொத ஆட்டம். அன்னைக்கு அவனுக்க சாமிக்க நோம்பு. ஊரே நின்னு கூப்பிட்டும் எறிய வரல்ல. வரமாட்டேன்னா வரமாட்டேன். அவனாக்கும் ஆளு."

எனக்கு வந்ததே கோபம். எழுந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "ஊரே சொல்லியும் கேக்காம நின்னான்னு அவனைத் தலையில தூக்கி வச்சு ஆடுற. ஊரே சொல்லியும் கேக்காம உன் பொண்டாட்டி நிக்கிறா, அது மட்டும் உனக்கு வலிக்குதா? என்னய்யா நியாயம் இது?"

"எனக்க குடும்ப விஷயம். நீ பேசாத."

"குடும்ப விஷயத்தை எங்க முன்னாடி கத்தினது நீதானப்பா. காது எங்களுக்கும் இருக்குல்ல?"

அவன் விருட்டென்று புரண்டு தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தான். கீழே என் போனில் ஆறாவது இன்னிங்ஸ் நடந்துகொண்டிருந்தது. சுகிர்தராணி கையைச் சுற்றினாள். பந்து அவள் இடுப்பைத் தாண்டும் நேரம் படம் அப்படியே உறைந்தது. அரை நிமிடம் ஒன்றும் இல்லை. பிறகு படம் வந்தபோது பந்து எங்கோ கிடந்தது, எதிர் டீம் ஆட்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்றுக்கு ஒன்று என்று இருந்தது மூன்றுக்கு இரண்டு ஆகிவிட்டது.

மீண்டும் படம் உறைந்தது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. லைவ் போவது அவள் போனில். இவன் கூப்பிடும்போதெல்லாம் படம் நின்றுவிடுகிறது.

"லேய், நீ போன் அடிச்சியாலே?" அண்ணன் கத்தினார். "அங்க பந்து போவுதா வருதான்னு தெரியாம நாங்க நிக்கோம், நீ இங்க கெடந்து எளவு போன் அடிக்கிய!"

"எடுக்க மாட்டேங்கா."

"பந்து எறிஞ்சிட்டு நிக்கியவ எப்பிடிலே எடுப்பா? ரிவேராவுக்க பொண்டாட்டி இப்பிடி போன் அடிச்சிருந்தா அவன் எறிஞ்சிருப்பானா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஜெகினுக்கு வரவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபோது பாவமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை. பயந்துபோன முகம் அது. இவன் சொல் அங்கே செல்லாது என்பது லைவில் ஊருக்கே தெரிந்துகொண்டிருந்தது. ஆனால் பயத்தைக் கோபமாக்கி அவள் தலையில் கொட்டுவதை எப்படி ஒத்துக்கொள்வது?

கடைசி இன்னிங்ஸ், ஏழாவது. இரண்டு பேரை அவள் வெளியேற்றிவிட்டாள், இன்னும் ஒருவன் போனால் ஜெயம். ஆனால் எதிர் டீம்காரன் ஒருவன் மூன்றாவது பேஸ் வரைக்கும் வந்து நின்றான். அவன் ஓடி வந்து சேர்ந்தால் ஆட்டம் சமம். அடிக்க வந்தவன் தடியன், முந்தைய இன்னிங்ஸில் வேலி வரைக்கும் அடித்தவன். சுகிர்தராணி உள்ளங்கையை டிராக் பேண்ட்டில் துடைத்தாள். குனிந்தாள். படம் நின்றது.

"டேய்!" என்றேன்.

இந்த முறை அந்தப் பக்கம் எடுத்தார்கள். ரூமில் அவ்வளவு அமைதி, அவன் காதிலிருந்த போனில் பேசியது எங்களுக்கும் கேட்டது. முதலில் ஷாஜினி யாரையோ கூப்பிட்டாள். யாரோ மணலில் நடந்து வந்தார்கள். பிறகு சுகிர்தராணியின் குரல், மூச்சு வாங்க.

"என்னவாக்கும்?"

"வீட்டுக்குப் போ."

"ரெண்டு பேரு அவுட்டு. இன்னும் ஒருத்தன் நிக்கான். அவன அனுப்பிட்டு வாறேன். லைன்லயே இருங்க."

"சுகிர்தா, நான் சொல்லுதேன்..."

"நீங்க சொன்னத அன்னைக்கே கேட்டேன். இப்ப நான் சொல்லுதேன். கட் பண்ணாண்டாம். லைன்ல இருங்க."

குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் ஊசி போடும் முன் பேசுகிற குரலாக இருந்தது. போன் கை மாறியது. மணலில் நடை தூரமாகப் போனது.

என் போனில் படம் நின்றபடியே நின்றது. அவள் பாதிக் குனிந்த நிலையில், முகம் கலங்கலாக.

"மக்கா, கட் பண்ணுலே," அண்ணன் கெஞ்சினார். "கட் பண்ணுனா படம் வந்துரும். ஒரே ஒரு பந்து பாத்துக்கிடுதேன்."

நானும் கையை நீட்டினேன். ஜெகின் போனைத் தரவில்லை. கட் பண்ணவும் இல்லை. எழுந்து உட்கார்ந்தான். கட்டில் கிறீச்சிட்டது. காதிலிருந்து போனை எடுத்துச் சற்று நேரம் பார்த்தான். பிறகு அவனாகவே ஸ்பீக்கரைப் போட்டான்.

காற்று. பிலிப்பைன்ஸ்காரர்கள் தங்கள் தகாலோக் பாஷையில் கத்துகிறார்கள். ஷாஜினி மெல்ல ஜெபம் சொல்கிறாள். அப்புறம் தோல் கையுறையில் பந்து விழும் சத்தம், தப். "ஸ்ட்ரைக்!" என்றான் அம்பயர். அண்ணன் என் தொடையைப் பிடித்துக்கொண்டார், நகம் பதிந்தது. இன்னொன்று. இந்த முறை மட்டையில் பட்ட சத்தம். "ஃபவுல், ஃபவுல்!" என்று நிறையக் குரல்கள். கோட்டுக்கு வெளியே போயிருக்கிறது, அதுவும் ஸ்ட்ரைக் கணக்கில்தான் சேரும். இன்னும் ஒன்றே ஒன்று விழுந்தால் அவன் அவுட். நான் பார்த்த ஆட்டத்தில் எல்லாம் இப்படி ஒரு பந்துக்காக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்ததில்லை, பார்க்காத இந்த ஆட்டத்தில்தான் இருந்தேன்.

ஷாஜினியின் ஜெபம் நின்றது. அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. லைன் போய்விட்டதோ என்று ஜெகின் போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனான்.

தப்.

அதன் பிறகு கேட்டது கூச்சல். விசில், தகாலோக், மலையாளம், "யேசுவே"-க்கள், யாரோ தகரத்தைத் தட்டும் சத்தம். அண்ணன் எழுந்து நின்று, தட்டு உருண்டு ஓட, இரண்டு கையையும் தூக்கினார். ஆனால் கத்தவில்லை. நானும் கத்தவில்லை. ஏனென்றால் அந்தக் கூச்சலுக்குள்ளிருந்து மணலில் ஒரு ஓட்டம் போனை நோக்கி வந்துகொண்டிருந்தது.

"கேட்டியளா?" என்றாள் சுகிர்தராணி.

ஜெகின் போனை இரண்டு கையாலும் பிடித்திருந்தான். அவன் வாய் திறந்தது. நாங்கள் இருவரும் கீழிருந்து அந்த வாயையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஸ்பீக்கரில் அவள் மூச்சு ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. அவளும் கட் பண்ணவில்லை.