பேத்தியின் கல்லறையில் சிவப்பு முட்டை

டாக்டருக்குப் படிக்க ஜார்ஜியாவுக்குப் போன சாம், பட்டத்தோடு அந்நாட்டுப் பெண் சோனியாவையும் கட்டிக்கொண்டு வந்தான். போடி ஊர் சும்மா இருக்குமா? ஏலக்காய்க் கடைகளில் ஒரு மாதம் அதே பேச்சுதான். யார் என்ன பேசினாலும் சாமின் அம்மா சாராளுக்கு மருமகள் என்றால் உயிர்.

தை மாதம் சோனியாவுக்குப் பெண் குழந்தை பிறந்து மூன்றாம் நாளே இறந்துபோனது. அதிலிருந்து அவள் வாய் திறப்பதே அரிதாகிவிட்டது. ஈஸ்டர் கழிந்த செவ்வாய்க்கிழமை தாய்வீட்டுக்குப் போக டிக்கெட் எடுத்திருந்தாள். திரும்பி வருவாயா என்று கேட்க சாமுக்கே தைரியமில்லை. ஈஸ்டரன்று பேத்தியின் கல்லறையில் வைத்து, "போகாத ஆத்தா" என்று தானே கேட்டுவிடுவதென்று சாராள் முடிவு செய்திருந்தாள்.

விடியற்காலை ஆராதனை முடிந்ததும் வழக்கம்போல எல்லோரும் பூவும் மெழுகுவர்த்தியுமாகக் கல்லறைத் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள். சோனியா முன்னாலேயே போய்விட்டாள். சாராள் தோட்டத்து வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து பார்த்தால், பேத்தியின் சிலுவையடியில் ரத்தச் சிவப்பில் ஒரு முட்டை இருந்தது.



"எம்புள்ளைகளுக்கு எவடி செய்வினை வச்சவ? செத்த புள்ளையையும் விட மாட்டியளா? இயேசு ரத்தம் ஜெயம்! இயேசு ரத்தம் ஜெயம்!"

கத்திக்கொண்டே முட்டையைத் தட்டிவிட்டு, வெறுங்காலால் நசநசவென்று மிதித்தாள். நிமிர்ந்தபோது, கல்லறையைக் கழுவ வாளியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு சோனியா நின்றிருந்தாள்.

"அத்தை, அது நான் வச்சது," என்றாள், தெரிந்த தமிழில் மெதுவாக. "எங்க ஊர்ல ஈஸ்டர்க்கு முட்டைய வெங்காயத் தோல் போட்டு வேகவச்சு சிவப்பாக்குவோம். செத்தவங்களுக்குக் கொண்டுவந்து வச்சு, இயேசு எழுந்துட்டார்னு சொல்லுவோம். பாப்பாவுக்கு இது மொத ஈஸ்டர்."

மருமகள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடச் சாராள் தாங்கியிருப்பாள். சோனியா கீழே உட்கார்ந்தாள்.

"ஓடு குத்திருச்சா அத்தை?"

பாதத்தைப் பிடித்து, குழந்தைக்குக் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றி, விரலிடுக்கில் அப்பியிருந்த மஞ்சள் கருவைக் கழுவினாள். சாராள் காலை இழுத்துப் பார்த்தாள். சோனியா விடவில்லை.

கேட்க நினைத்து வந்ததைச் சாராள் அன்று கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை விமான நிலையத்துக்குப் பஸ் ஏற்றிவிடும்போதும் கேட்க அவளுக்கு வாய் வரவில்லை.