தேவானையின் தீப்பெட்டி

முன்பெல்லாம் படித்தவன் குடிசைப் பக்கம் வந்தால் குடிக்கத் தண்ணீர் கேட்பான், இல்லாவிட்டால் ஓட்டுக் கேட்பான். இப்போது பீ கேட்கிறான். அதுவும் தீப்பெட்டியில் போட்டு, மேலே பேர் எழுதி. வெட்கம் மானத்தையெல்லாம் எந்தக் கடலில் கொண்டுபோய்க் கொட்டினார்களோ என்று, அடையாறில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்து பொன்னுரங்கம் முணுமுணுத்துக்கொண்டே நடந்தார்.

எழுபத்தேழாம் வருஷத்துக் கோடை விடுமுறை. இருளர் பிள்ளைகளுக்கென்று அங்கே ஒரு காலேஜில் முகாம் போட்டிருந்தார்கள். காந்தம், பூதக்கண்ணாடி, நட்சத்திரப் படம் என்று விஞ்ஞானப் பாடம். நடுநடுவே பல்லைக் காட்டு, கண்ணைக் காட்டு என்று டாக்டர் சோதனை. பாம்பு பிடிக்காதே என்று சட்டம் போட்ட அதே சர்க்காருக்கு இப்போது எங்கள் பிள்ளைகள் மேல் என்ன திடீர்ப் பாசம்? கேட்டால் யாரும் பதில் சொல்வதில்லை. கொட்டிவாக்கம் சவுக்குத் தோப்பிலிருந்து அவர் பேத்தி தேவானையும் போயிருந்தாள். தாயில்லாப் பெண். நேற்றுத்தான் பார்த்துவிட்டு வந்தார். இன்று மறுபடி வரச்சொல்லி ஆள் அனுப்பிவிட்டார்கள்.

தேவானை வாசலுக்கு வந்து அவரை மாடிக்குக் கூட்டிப்போனாள். பாதிப் படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னா கண்ணு?"

"ஒண்ணுமில்ல தாத்தா. மூச்சு வாங்குது."

மேலே டாக்டர் விஜயலக்ஷ்மி ஒரு தீப்பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பெரியவரே, உங்க பேத்தி புல்லு மேயறாளா?"

"இன்னாம்மா கேள்வி இது?"

"இதுல பூரா இலையும் நாரும்தான். ஆட்டுப் புழுக்கையத் தண்ணி விட்டுக் குழைச்சிருக்கு."

தேவானை சட்டென்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிரிப்பில் தோள் குலுங்கியது.

"நான்தான் நேத்து அவ கையிலேர்ந்து பொட்டியப் புடுங்கிக் குழைச்சு வெச்சேன். இன்னா பண்ணுவே? ஜெயில்ல போடுவியா?" என்றார் பொன்னுரங்கம்.

உடம்பை விட்டு இறங்கிய எதுவும் அயலான் கைக்குப் போகக்கூடாது. மயிரோ நகமோ, அவர் வீட்டில் தங்கள் கையாலேயே எரித்துவிடுவார்கள். அவர் இளவட்டமாக இருந்தபோது தொப்பி போட்ட வெள்ளைக்காரன் ஒருவன் தோப்புக்கு வந்து, இடுக்கி போன்ற ஒன்றை வைத்து எல்லார் தலையையும் அளந்தான். தம்பியின் தலையில் ஒரு கொத்து மயிரைக் கத்தரித்துக் காகிதத்தில் மடித்துக்கொண்டு போனான். அடுத்த மழைக்குத் தம்பி இல்லை. அந்தக் காகிதம் எங்கே போயிற்றென்று இன்றுவரை எவனும் சொல்லவில்லை.

டாக்டர் கோபப்படவில்லை. தேவானையைக் கூப்பிட்டு, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்துக் காட்டினாள். "இங்க செவப்பா இருக்கணும். பாருங்க."

உரித்த பூண்டு மாதிரி இருந்தது.

"வயித்துல புழு ரத்தத்தக் குடிக்குதுன்னு நினைக்கிறேன். எந்தப் புழுன்னு தெரியாம மருந்து கொடுக்க மாட்டேன். காட்டமான மருந்து. இந்த உடம்பு தாங்காது."

தேவானையின் தாய் கடைசியில் இப்படித்தான் ஆகியிருந்தாள். குடத்தோடு கிணற்றிலிருந்து வரும்போது மரத்துக்கு மரம் உட்கார்ந்து எழுந்து வருவாள். மூச்சு வாங்குது நைனா என்பாள்.

"குடுக்கச் சொல்றேன்" என்றார் பொன்னுரங்கம். "ஆனா பாத்தப்புறம் ஒரு பொட்டு இங்க தங்கக்கூடாது. என் கண்ணு முன்னால எரிக்கணும்."

"எரிச்சுடலாம்."

"எங்க கொலசாமி கன்னியம்மா மேல சத்தியம் பண்ணு."

"நான் மயிலாப்பூர்க்காரி, பெரியவரே. கபாலீஸ்வரர் மேல பண்றேனே."

"அவரு உங்க ஆளு. உனக்குத் தோதாத்தான் பேசுவாரு. கன்னியம்மா."

டாக்டர் கன்னியம்மா மேல் சத்தியம் செய்தாள்.

மறுநாள் வேறொரு தீப்பெட்டி வந்தது. டாக்டர் கண்ணாடித் துண்டு ஒன்றில் துளி தடவி, மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத் தேவானையைப் பார்க்கவிட்டாள்.

"ஐயே! முட்டை, தாத்தா! கண்ணாடியாட்டம் கீது. உள்ள உருண்டை உருண்டையா ஒட்டிக்கினு கீது!"

பொன்னுரங்கமும் குனிந்து பார்த்தார். "என் கண்ணு மயிருதான் தெரியுது."

"கொக்கிப் புழு. வெறுங்கால் வழியா ஏறி வயித்துக்குப் போயிடும்" என்றாள் டாக்டர்.

"காலு வழியா வவுத்துக்கா? அப்போ வாயி இன்னாத்துக்குக் கீது?"

தேவானை மூக்கைப் பிடித்துக்கொண்டு மருந்தைக் குடித்தாள். அவள் தொண்டை இறங்கி ஏறுகிறவரை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கீழே முற்றத்தில், டாக்டரே மண்ணெண்ணெய் ஊற்றித் தீப்பெட்டியை எரித்தாள். சாம்பலைக் குச்சியால் கிளறி, மண்ணைத் தள்ளி மூடிவிட்டுத்தான் அவர் நகர்ந்தார்.

கேட்டருகே வந்தபோது பொறி தட்டியது. பெட்டி எரிந்தது சரி. அந்தக் கண்ணாடித் துண்டு?

நிமிர்ந்து பார்த்தார். மாடி ஜன்னலோரம் தேவானை அந்த மிஷினில் கண்ணைப் புதைத்து நின்றுகொண்டிருந்தாள்.

"தே, தேவானை! அந்தக் கண்ணாடி இன்னா ஆவும்னு கேளு!"

அவள் உள்ளே போய்க் கேட்டுவிட்டு ஜன்னலுக்கு வந்தாள். "வென்னீர்ல போட்டுக் கொதிக்க வெப்பாங்களாம், தாத்தா! ஒண்ணும் நிக்காதாம்!"

"அந்த வென்னீர எங்க ஊத்துவாங்களாம்?"

அவள் மறுபடி கேட்கத் திரும்பினாள். பொன்னுரங்கம் நிற்கவில்லை. என்ன சொன்னாலும் நம்பப்போவதில்லை. நின்று என்ன ஆகப்போகிறது? துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, கொட்டிவாக்கம் பஸ் நிற்கும் பக்கமாக நடந்தார்.