பதில் வந்தால் மூடக்கூடாது

ஓசூர் சரக்கு முனையத்தில் வேகன் கதவை மூட ஒரு முறை உண்டு. ஏற்றுக்கூலி ஆட்கள் எல்லாரும் இறங்கியதும், மேஸ்திரி ஆஞ்சப்பன் வெளியிலிருந்து மூன்று தட்டு தட்டுவார். உள்ளே யாராவது தங்கிவிட்டால் திருப்பித் தட்ட வேண்டும். பதில் வந்தால் மூடக்கூடாது. எங்கோ ஒரு முனையத்தில் வேகனுக்குள் ஏற்றிய வண்டிகளுக்கு நடுவே தூங்கிப்போன ஒருவரை அசாமில்தான் இறக்கினார்களாம்.

மூடிய கதவுக்கு சீல் போடுவது தர்ஷினியின் வேலை. பி.எஸ்சி. இயற்பியல் படித்தவள். அவள் குரலை அங்கே கேட்டவர்கள் குறைவு. "பாப்பா, நீ பேசினா வேகன் கவுந்துருமா?" என்று ஆஞ்சப்பன் கேலி செய்வார்.

அன்று கடும் வெயில். கடைசி வேகனில் ஸ்கூட்டர்களை ஏற்றிக் கட்டிவிட்டு ஆட்கள் இறங்கினார்கள். ஆஞ்சப்பன் தட்டினார்.

உள்ளிருந்து மூன்று தட்டு திரும்பி வந்தது.

"எவன்டா உள்ள?"

எல்லாரும் வெளியேதான் நின்றார்கள். திருநெல்வேலிக்காரன் கருப்பசாமி சிரித்தான். "அண்ணாச்சி, பேயி டிக்கெட் எடுக்காம வடக்க போவுது. போனா போவட்டும்."

"வாய மூட்றா. பதில் வந்தா மூடக் கூடாது."

தர்ஷினி மெதுவாகச் சொன்னாள். "இரும்புண்ணா. வெயில்ல விரியும். அப்ப சத்தம் வரும்."

"மூணுன்னு எண்ணிக்கிட்டா விரியும்?" என்றார் ஆஞ்சப்பன்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் முகம் சூடானது. "நான் பாத்துட்டு வரேண்ணா" என்று மஞ்சள் ஹெல்மெட்டை அழுத்திக்கொண்டு, நீலத் துப்பட்டாவை முடிந்துகொண்டு ஏறினாள்.

வேகனின் சுவரில் சிறு காற்றுத் துளைகள். அவற்றின் வழியே வெளிச்சம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. வரிசைகளுக்கு இடையே பக்கவாட்டில் நகர்ந்து கடைசிவரை போனாள். யாரும் இல்லை. ஆனால் அடுப்பாகக் காய வேண்டிய அந்த மூலை சில்லென்று இருந்தது.

யாரோ அவள் தோளை உரசிக்கொண்டு கதவுப் பக்கம் போனார்கள்.

திரும்பினாள். ஸ்கூட்டர்கள் மட்டும். அவள் கதவை அடைவதற்குள் அது கிறீச்சிட்டு மூடியது.

"அண்ணா!" குரல் எப்போதும்போல் எழும்பவில்லை.

வெளியே மூன்று தட்டு கேட்டது. உயிர் வந்ததுபோல் அவள் உள்ளங்கையால் மூன்று முறை அறைந்தாள்.

"பாரு, மறுபடி தட்டுது." ஆஞ்சப்பனின் குரல். கதவுக்கம்பி அசைந்தது. திறக்கப் போகிறார்.

"இரும்புண்ணா."

அந்தக் குரல் வெளியிலிருந்து வந்தது. அவளுடைய குரல். கூச்சமில்லாமல், உரக்க. "வெயில்ல விரியும். நான்தான் உள்ள போய்ப் பாத்துட்டு வந்தேனே. தொறக்க வேணாம்."

தர்ஷினி துளையில் கண் வைத்தாள். ஆஞ்சப்பனின் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட், நீலத் துப்பட்டா. தன் தலையைத் தொட்டாள். வெறும் முடி. தோளில் துப்பட்டா இல்லை. பையில் சீல் இல்லை.

"பாப்பா இன்னைக்குத்தான் வாய் தொறந்துருக்கு" என்றான் கருப்பசாமி. சிரித்தார்கள்.

அவள் அறைந்தாள். எண்ணாமல், இரு கைகளாலும். ஆஞ்சப்பன் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கம்பியிலிருந்து கையை எடுத்தார். "படிச்ச புள்ள சொல்லுது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

சீல் இறுகும் சின்னச் சத்தம். தினமும் கேட்டதுதான். உள்ளிருந்து கேட்பது இதுவே முதல் முறை.

ஆட்கள் தேநீருக்கு நடந்தார்கள். முன்னால் எஞ்சின் ஊதியது. வெளியே நின்றவள் மட்டும் துளைக்கு அருகே வந்தாள். சுவரில் விரலால் மெதுவாக மூன்று தட்டு தட்டிவிட்டு, பதிலுக்குக் காத்திருந்தாள்.